மாமா சிரிக்கும் இடம்

நீங்களும் என் வயதுதான் என்றால் இது உங்களுக்கும் நடந்திருக்கும். எதையோ எடுக்க ஓர் அறைக்குள் போவோம். போய் நின்ற பிறகு எதை எடுக்க வந்தோம் என்பது மறந்திருக்கும். ஆனால் பதினோரு வயதில் செய்த ஒரு திருட்டுத்தனம் மட்டும், அன்றைக்கு அடித்த வெயிலோடு சேர்த்து நினைவிருக்கும். இதை ஒரு டாக்டரிடம் சொன்னேன். கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பிட்டுப் பார்த்தேன். இன்னும் தெளிவாக நினைவு வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், வண்ணார்பேட்டையில் பஸ் ஹாரன் கேட்கிற தூரத்தில், தாமிரபரணிக்குத் துண்டைத் தோளில் போட்டு நடந்துபோகிற தூரத்தில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, அக்கா, நான். நாலு பேர் வீட்டுக்கு ஐந்தாவதாக அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. மணிமுத்தாறு அணைக்கட்டு அலுவலகத்தில் மாமாவுக்கு வேலை. ஒருநாள் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தவர் அப்படியே மேஜையில் சாய்ந்துவிட்டார். பிள்ளை கிடையாது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அத்தை ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ரெக்கார்டு பிளேயர், நாலு இசைத்தட்டு ஆகியவற்றோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

இசைத்தட்டு என்று எழுதுகிறேனே தவிர, வீட்டில் எல்லோரும் 'பிளேட்' என்றுதான் சொல்வோம். அதற்குள் தெருவே டேப்ரெக்கார்டருக்குப் போய்விட்டிருந்தது. பிளேட் போடுவது, மாட்டு வண்டியில் சினிமாவுக்குப் போவதுபோல ஒரு காரியம்.

நாலில் ஒன்று தேவாரம். இரண்டு நாதஸ்வரம். நாலாவதுதான் விஷயம். பொங்கல் சிறப்பு நகைச்சுவை நாடகம். அட்டையில் ஒரு மாப்பிள்ளை கரும்புக் கட்டின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். மாமனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைக் காட்டுவார். தலைப்பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளை ஊருக்குத் திரும்ப மறுக்கிற கதை. மதுரையில் ஒரு மண்டபத்தில் ஆட்களை உட்கார வைத்தே ஒலிப்பதிவு செய்தார்களாம். அதனால் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு மண்டபமே சிரிக்கும்.

மார்கழி பாதியில் அரையாண்டு லீவு விட்டதும் அத்தை அதை எடுப்பாள். மதியம் சாப்பாடு முடிந்து, எல்லோரும் கண்ணயர்கிற நேரம். முள்ளை வைத்ததும் எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். பிறகு மாமனாரும் மாப்பிள்ளையும். எப்போதும் இரண்டாம் பக்கம்தான். முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது.

தெருவுக்குக் கேட்டதெல்லாம் சிரிப்புச் சத்தம் மட்டும்தான். எதிர்வீட்டு டீச்சர் ஒருநாள் நடையில் நின்று அம்மாவிடம் குரலைத் தணித்துக் கேட்டாள்.

"வீட்டுக்காரரு போயி ரெண்டு வருசம்தான ஆவுது. இப்படிக் கெக்கெக்கேன்னு நாடகம் கேட்டுக்கிட்டு இருக்காவளே. மனசு சரியாத்தான் இருக்காவளா?"

அம்மா என்ன சொல்வாள். "என்னமோ, பொழுது போகணும்லா," என்றாள். உள்ளே வந்து ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

அந்த அறைக்குள் போனவன் நான் ஒருத்தன்தான். அத்தை சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டி, கண்ணை மூடி, வலி எங்கே என்று டாக்டர் அமுக்கிப் பார்க்கும்போது நாம் உட்கார்ந்திருப்போமே, அப்படி உட்கார்ந்திருப்பாள்.

எனக்கு அந்தக் காலத்திலேயே கோமாளித் தொழில்தான். அப்பாவின் இருமல், டீச்சரின் நடை, பால்காரரின் மணி, எதையும் செய்து காட்டுவேன். அந்த நாடகமும் மனப்பாடம். ஒருநாள் அடுக்களையில் அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது இரண்டு குரலிலும் பேசிக் காட்டினேன்.

"மாப்ளே, ஊருக்கு எப்பக் கெளம்புதிய?"

"கரும்பு தீரட்டும்னு பாக்கேன் மாமா."

"கரும்பு தீந்து நாலு நாளாச்சே."

"தெரியும் மாமா. தோட்டத்துல நட்டு வச்சிருக்கேன்."

பிறகு மண்டபம் சிரிப்பதையும் செய்து காட்டினேன். அதோடு நிறுத்தவில்லை. அந்த இடத்தில் பிளேட்டில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லோரும் சிரித்து அடங்கி, ஒரு மூச்சு விடுகிற நேரம் அமைதியாக இருக்கும். அப்புறம் யாரோ ஒருவர் மட்டும் தனியாக, விக்கல் பாதி தும்மல் பாதியாக 'ஹெக்கே, ஹெக்கே' என்று சிரிப்பார். மொத்த ஊரும் பஸ் ஏறிப் போன பிறகு ஓடிவருகிற ஆள் மாதிரி. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்த இடம். அதையும் செய்தேன்.

அத்தையின் கை கீரையிலேயே நின்றுவிட்டது.

"அது உங்க மாமாலே," என்றாள்.

நான் கேலி என்று நினைத்தேன். அத்தை கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கல்யாணமாயி மொதப் பொங்கலு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போனாவ. உங்க மாமாவுக்கு எந்தச் சிரிப்புக் கதையும் ஒடனே புரியாது. எல்லாரும் சிரிக்காவ, இவுக என்னய பாக்காவ. நான் காதுக்குள்ள சொன்னேன், 'நட்டு வச்சா வெளைய ஒரு வருசம் ஆவும்லா, அதுவரைக்கும் போவ மாட்டாரு'ன்னு. பொறவுதான் சிரிச்சாவ. மண்டபமே திரும்பிப் பாத்துச்சு. எனக்கு மானம் போச்சு."

ஒரு கொத்தை உருவிப் போட்டுவிட்டு, "நடுவுல ஒரு அமைதி வருதுல்லா," என்றாள். "அதுல நான் இருக்கேன். மெல்லமாச் சொன்னதுனால கேக்கல."

மாமாவின் போட்டோ ஒன்று கூடத்தில் மாலையோடு தொங்கியது. பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கியது. அதில் அவர் மாமா மாதிரியே இருக்கமாட்டார். உலகத்தில் மாமா இருந்த இடம் அந்தப் பிளேட்டின் இரண்டாம் பக்கத்தில், ஓரத்திலிருந்து ரெண்டு விரல்கடை உள்ளே. அதை அத்தை யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் சிரிப்பைக் கேட்கிறேன் என்று அண்ணனிடம் சொல்ல வெட்கப்பட்டாள். என்னிடம் சொன்னது, நான் ஆள் கணக்கில் சேராதவன் என்பதால்தான் இருக்கவேண்டும்.

ஒருமுறை மட்டும் அப்பாவிடம் கேட்டாள். "அண்ணே, பஸ் ஸ்டாண்டு பக்கம் கேசட் கடையில பிளேட்ட கேசட்டுல ஏத்தித் தருவாவளாமே. இத ஒண்ண ஏத்தணும்."

"தேவாரத்தையா?"

"இல்ல. நாடகத்த."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இந்தக் கூத்துக்குப் போயி கேசட்டா. பொங்கல் கழியட்டும், பாப்பம்."

அப்பா கெட்டவர் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். தங்கையைத் தெரு பேசுகிறதே என்று ராத்திரி சோறு இறங்காமல் எழுந்துபோனவர். மார்கழி கடைசி வாரம் அத்தையைக் கூப்பிட்டார். "பொங்கலுக்கு விருந்தாளுக வருவாவ. அந்த நாடகப் பிளேட்ட எங்கிட்டக் கொடு. பீரோவுல இருக்கட்டும். சிறுவீட்டுப் பொங்கல் முடிஞ்சதும் தாரேன்." அத்தை மறுபேச்சில்லாமல் கரும்புக்கட்டு அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா பூட்டினார். பீரோச் சாவி அவர் அரைஞாணில்.

இனி சிறுவீட்டுப் பொங்கல். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காக நாலு வரி. மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணிப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூ செருகுவார்கள். அன்றன்றைக்குப் பூவும் சாணியுமாகச் சேர்த்து உள்ளங்கை அகலத்துக்கு வரட்டி தட்டிக் காயவைப்பார்கள். பெரிய பொங்கல் முடிந்து, தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுப் பெண்பிள்ளைகள் முற்றத்தில் களிமண்ணால் சின்ன வீடு கட்டி அதன் வாசலில் சின்னப் பானையில் பொங்குவார்கள். சாயங்காலம் அந்த வரட்டிகளில் கற்பூரம் ஏற்றி, பொங்கலோடு ஆற்றில் விட்டுவிட்டால் மார்கழி, தை எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

அந்த வருஷம் சிறுவீடு அக்காவுடையது. வரட்டி காயவைக்கிற வேலை எனக்கு. மார்கழி கடைசியில் தூறல் போட்டது. தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், தரையோடு ஒட்டிக்கொண்ட வரட்டிகளை எடுத்தால் பாதி கையோடு வந்தது, பாதி வரவில்லை. அக்கா அழுதாள். "பூ உதுந்துச்சு, ஒன்னைய ஆத்துல விட்ருவேன்," என்றாள். வழவழப்பாக ஒரு தட்டு இருந்தால் ஒட்டாதே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"சாணிக்கு எவர்சில்வர் தட்டு கேக்குதோ மூதிக்கு."

வட்டம், வழவழப்பு, யாரும் தேடாதது. யோசித்தேன். தேவாரப் பிளேட். எங்கள் வீட்டில் சைவம் தழைத்தோங்கிய லட்சணம், அந்தப் பிளேட்டை யாரும் போட்டு நான் கேட்டதில்லை. பாவம் இல்லையா என்று ஒரு நிமிடம் தயங்கினேன். சாணியைச் சுட்டால் திருநீறு. சிவன் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை என்று தீர்மானித்தேன். தேவார அட்டையிலிருந்து பிளேட்டை உருவி, தட்டட்டிக்குக் கொண்டுபோய், நடுவில் ஒட்டியிருந்த வட்டத் தாளின் மேலேயே முதல் வரட்டியை வைத்தேன். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இதை எழுதவேண்டிய வேலை எனக்கு இருந்திருக்காது.

பொங்கல் கழிந்தது. நல்ல வெயில். சனிக்கிழமை வரட்டி அள்ளப் போனேன். பூ ஒன்றுகூட உதிராமல் அழகாகக் காய்ந்திருந்தது. பிளேட் மட்டும் பாதி பொரிந்த அப்பளம்போல் ஓரமெல்லாம் தூக்கிக் கிண்ணமாகியிருந்தது. சரி, தேவாரம்தானே என்று கழுவினேன். நடுத்தாளில் சாணி கரைந்தது. அட்டையில் இருந்த அதே கரும்புக்கட்டு தெரிந்தது.

அப்பா பீரோவில் பூட்டியிருக்கிற பிளேட் என் கையில் எப்படி? ஒரு நிமிடம் புரியவில்லை. அப்பா திருப்பித் தரமாட்டார் என்று பயந்து, அத்தை பிளேட்டை மாற்றியிருக்கிறாள். பீரோவுக்குள் நாடக அட்டையில் தேவாரம். வெளியே தேவார அட்டையில் மாமா. புரிந்ததும் எனக்கு வழக்கமாக நடப்பது நடந்தது. கொல்லைக் கக்கூசுக்கு ஓடினேன். பயம் வந்தால் என் உடம்பில் முதலில் வேலை செய்வது வயிறு. கல்யாணத்தன்று தாலி கட்டும் முன்பும் இதே கதைதான். அதை என் மனைவி சொல்லக் கேட்கவேண்டும்.

உட்கார்ந்த இடத்திலேயே திட்டம் போட்டேன். முதலில் அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தேன். எடுத்ததும் மறுபடி கிண்ணமானது. வெந்நீர் ஊற்றினேன். கிண்ணம் படகானது. வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த அரைமணி நேரத்தில் பிளேயரில் வைத்துப் பார்த்தேன். முள் கன்றுக்குட்டிபோல் துள்ளியது. "கரும்பு தீந்து" என்று மாமனார் ஆரம்பித்தார். ஒரு துள்ளல். அடுத்த காட்சியில் யாரோ கதவைத் தட்டினார்கள். நாலு தடவை வைத்தேன். நாலு தடவையும் அந்த இடத்தைத்தான் தாண்டியது.

அத்தை மாட்டிக்கொள்வாளே, அவளைக் காப்பாற்றவே மறைத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அடிக்குப் பயந்தேன். வரட்டி எடுத்துப்போகும் ஓலைக் கொட்டானின் அடியில் பிளேட்டை வைத்து, மேலே வரட்டிகளை அடுக்கினேன். ஆற்றில் போட்டால் மூழ்கிவிடும். மூழ்கியதை யாரும் கேட்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படித்துறையில் தெருவே இருந்தது. பட்டுப்பாவாடைகள், கற்பூர வாசனை, நெய், ஈரப்படி. அத்தை வரமாட்டேன் என்றாள். இந்த மாதிரி காரியங்களில் அவள் முன்னால் வருவதில்லை. அக்காதான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மேல் படியில், டீச்சருக்கு ரெண்டு ஆள் தள்ளி நின்றாள். இடுப்பளவு தண்ணீரில் நானும் அக்காவும். அக்கா ஒவ்வொரு வரட்டியாகக் கற்பூரம் ஏற்றி விட்டாள். அவள் திரும்பிய நேரம் பார்த்துப் பிளேட்டைத் தண்ணீரில் நழுவவிட்டேன்.

மூழ்கவில்லை. கிண்ணமாக வளைந்ததால் மிதந்தது. நடுவிலிருந்த ஓட்டையில் தண்ணீர் ஏறினால் மூழ்கும் என்று பதறிக் காத்திருந்தேன். அக்கா திரும்பினாள். "என்னலே இது, தெப்பமா? நல்லாத்தான் இருக்கு," என்று கடைசி வரட்டியை அதன் நடுவில், சரியாக அந்த ஓட்டையின் மேல் வைத்துக் கற்பூரம் ஏற்றினாள். மற்ற வரட்டிகள் நாலடி போய்த் தள்ளாடின. இது மட்டும் கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு, நடுவில் சுடரோடு, தேர் மாதிரி நேராகப் போனது.

"ஏலே, அது என்னது?" அப்பாவின் குரல்.

"தே... தேவாரப் பிளேட்டுப்பா," என்றேன்.

சொன்ன பிறகுதான் மேல் படியைப் பார்த்தேன். தேவார அட்டைக்குள் எது இருந்தது என்று அந்த ஆற்றங்கரையில் இரண்டே பேருக்குத் தெரியும். அத்தை இரண்டு படி இறங்கியிருந்தாள். மூன்றாவது படியில் நின்றுவிட்டாள். ஓடிப்போய் எடு என்று அவள் சொன்னால் நான் நீந்திப் பிடித்திருப்பேன், யாராவது பிடித்திருப்பார்கள். சொல்லவேண்டுமானால் அண்ணனை ஏமாற்றினேன் என்று சேர்த்துச் சொல்லவேண்டும். தெரு முழுக்க நிற்கிறது.

அப்பா தண்ணீரில் இறங்கி என் பிடரியில் ஒன்று வைத்தார். "சாமி பாட்டையா ஆத்துல விடுத சவத்து மூதி." இன்னொன்றுக்குக் கை ஓங்கினார்.

"விடுங்கண்ணே," என்றாள் அத்தை. சத்தமே இல்லாமல். "பழசுதான. போயிட்டுப் போவுது."

டீச்சர் அம்மாவிடம், "பரவால்ல, தன்மையாப் பேசுதாவளே," என்றாள்.

சுடர் பாலத்துக்கு அந்தப் பக்கம் போகும்வரை தெரிந்தது. அத்தை கடைசி ஆளாகத்தான் படியேறினாள்.

வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் அக்கா கட்டிய சிறுவீட்டருகே அத்தை என்னைக் கூப்பிட்டாள். உதைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். உதைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். களிமண் வாசல்படியைப் பார்த்துக்கொண்டே, "நீ செஞ்சு காட்டுவியே, அதச் செய்யி," என்றாள்.

அழுகையோடு செய்தேன். மாமனார், மாப்பிள்ளை, மண்டபம். பிறகு ஹெக்கே.

"முந்திட்ட. இன்னும் கொஞ்சம் பிந்தி. நான் சொல்லி முடிக்கணும்லா."

மறுபடி செய்தேன். மண்டபம் அடங்கியதும் அத்தை குனிந்து என் காதில் சொன்னாள். நட்டு வச்சா வெளைய ஒரு வருசம் ஆவும்லா. மூச்சு காதில் சுட்டது. அவள் முடித்த பிறகு சிரித்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "போ, சாப்பிடு," என்றாள்.

பீரோவில் பூட்டிய பிளேட்டை அத்தை அப்பாவிடம் திருப்பிக் கேட்கவே இல்லை. "தெளிஞ்சிட்டா. நாந்தான் நிப்பாட்டினேன்," என்று அப்பா கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காலமான பிறகு பீரோவைத் திறந்தேன். கரும்புக்கட்டு அட்டைக்குள் தேவாரம், ஒரு கீறல் இல்லாமல்.

அடுத்த தையிலும் அதற்கு அடுத்த தையிலும் சிறுவீட்டருகே செய்து காட்டினேன். மூன்றாவது வருஷம் எனக்குக் குரல் உடைந்திருந்தது, மீசை அரும்பியிருந்தது, வாசலில் சைக்கிளோடு இரண்டு நண்பர்கள் நின்றார்கள். அத்தை கூப்பிட்டாள். "போங்கத்த, வேற வேலையில்ல," என்றேன். சரி என்றாள். அதன்பிறகு ஒரு தையிலும் கேட்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கண் திறக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் நான். ஊரெல்லாம் கல்யாண மேடைகளில் சிரிக்கவைக்கிறவன், அத்தையின் போர்வை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். குனிந்து ஆரம்பித்தேன்.

"மாப்ளே, ஊருக்கு எப்பக் கெளம்புதிய?"

நாலு வசனமும் சொன்னேன். மண்டபமும் சிரித்தது. பிறகு அந்த அமைதி. அத்தையின் உதட்டையே பார்த்தேன். அசையவில்லை. மூச்சும் நின்றதுபோல் இருந்தது. பயத்தில் சிரித்துவிட்டேன். என் தொண்டையிலிருந்து மாமாவே வந்தார். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சரியாக வந்ததே இல்லை.

அத்தையின் புருவம் சுருங்கியது.

"முந்திட்டலே," என்றாள். "நான் இன்னும் சொல்லி முடிக்கலையே."